வராண்டாவில் நின்றவர்களின் சித் விதாத்

மேடையில் வீற்றிருக்கும் கல்வி இயக்குநர் டாக்டர் முஹன்னத் அவர்களே, நகராட்சியின் முன்னாள் தலைவர் அபூ ஸக்ர் அவர்களே, மறைந்தவரின் தம்பி ஜௌதத் அவர்களே, தலைமை ஆசிரியைகளே, ஆசிரியர்களே, ஐன் லோஸ் நகரத்துப் பெரியோர்களே, நாற்காலி கிடைக்காமல் கதவோரம் நின்றுகொண்டிருக்கும் என் அன்புக்குரியவர்களே!

கடைசியாகச் சொன்னவர்களை நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். இந்தக் கூட்டத்துக்குச் சித் விதாத், நம் விதாத் அம்மையார், வந்திருந்தால் மேடைப் பக்கம் திரும்பியே பார்த்திருக்க மாட்டார். யார் நிற்கிறார்கள், ஏன் நிற்கிறார்கள் என்றுதான் பார்த்திருப்பார். அது அவருடைய பழக்கம். அந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

விதாத் ஷுக்கைர் மறைந்து நாற்பது நாள் ஆகிறது. நம் மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் தனித்திறன் கொண்ட பிள்ளைகளைக் கண்டறிந்து கைதூக்கிவிடும் பொறுப்பில் இருந்தவர் அவர். இந்த நாற்பது நாளில் அவருக்கு எவ்வளவு புகழ்! கல்வி அலுவலகத்தின் வாசலில் அவருடைய பெரிய படம். அவரை மலைக்கு அந்தப் பக்கம் மாற்றிவிடப் பலமுறை முயன்ற அதே அலுவலகம்தான் அந்தப் படத்தை மாட்டியிருக்கிறது. உயிரோடு இருந்தபோது இதில் பாதி அன்பு காட்டியிருந்தால் சித் விதாத்துக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

படம் மாட்டப்பட்ட அதே வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. பெண்கள் பள்ளி மாடியில் அவர் உருவாக்கிய சிறப்புத் திறன் அறைக்குள் உடைந்த பெஞ்சுகளைக் கொண்டுவந்து அடுக்கினார்கள். அவருடைய பதவி இனி நிரப்பப்படாதாம். அந்த வேலையைப் பள்ளிகளே கூடுதலாகக் கவனித்துக்கொள்ளுமாம். அந்த அம்மையாரை அடக்கம் செய்துவிட்டோம். அவருடைய வேலையையும் அடக்கம் செய்யப்போகிறோமா? இதுதான் இன்றைய கேள்வி. பதிலை வாங்கிக்கொண்டுதான் நான் இந்த மேடையை விட்டு இறங்குவேன்.

காபி வந்துகொண்டிருக்கிறது. கூட்டத்தை நடத்துவது கல்வி அலுவலகம், ஆகவே காபியும் அவர்களுடையது. காகிதக் கோப்பையில் வந்தாலும் ஏலக்காய் மணக்கும் நம் கசப்புக் காபிதான். எடுத்துக்கொள்ளுங்கள். குடிப்பதற்கு மட்டும் அவசரம் வேண்டாம்.

அன்பர்களே! சித் விதாத் வருவதற்கு முன் நம் மாவட்டத்தில் திறமைசாலிகள் எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டார்கள் தெரியுமா? தலைநகரத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வரும். தலைமை ஆசிரியைகள் பெயர் அனுப்புவார்கள். கையெழுத்து அழகாக இருக்க வேண்டும், சீருடை சுத்தமாக இருக்க வேண்டும், சொன்ன பேச்சைக் கேட்க வேண்டும். ஆண்டுதோறும் பார்த்தால் ஓர் அதிசயம் புலப்படும். இறைவன் அறிவை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் அல்லவா? நம் ஊரில் மட்டும் அதை ஆசிரியைகளின் பிள்ளைகளுக்கும் நகராட்சி உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குமே கொடுத்துக்கொண்டிருந்தான்! ஒரு தேர்தலில் உறுப்பினர்கள் மாறினால், மறு ஆண்டே திறமையும் வீடு மாறிவிடும்.

இதை மாற்ற வந்தவர் என்ன செய்தார்? புதிய தேர்வு எதையும் கொண்டுவந்தாரா? இல்லை. வெளிநாட்டு நிபுணர்களை அழைத்தாரா? இல்லை. வராண்டாவில் நடந்தார். அவ்வளவுதான்!

நான் அன்று கணித மேற்பார்வையாளர். அலுவலகத்தில் ஓடுகிற கார் ஒன்றே ஒன்று என்பதால் நாங்கள் இருவரும் சேர்ந்தே பள்ளிகளுக்குப் போவோம். சொல்லாமல் கொள்ளாமல் மூன்றாவது பீரியடில் போய் இறங்குவார். முதல் பீரியடில் பிள்ளைகள் தூக்கத்தில் இருப்பார்கள், கடைசி பீரியடில் ஆசிரியைகள் தூக்கத்தில் இருப்பார்கள், மூன்றாவதில்தான் இரு தரப்பும் விழித்திருக்கும் என்பது அவர் ஆராய்ச்சி. நான் நேராகத் தலைமை ஆசிரியை அறைக்குப் போவேன். அவர் போக மாட்டார். காபி கொடுத்தால் வாங்க மாட்டார். நம் ஊரில் இது எவ்வளவு பெரிய குற்றம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெண்கள் பள்ளித் தலைமை ஆசிரியை சித் இன்ஸாஃப், இதோ முதல் வரிசையில் இருக்கிறார், ஒருநாள் கேட்டேவிட்டார்.

"ஏன் சித், எங்க காபியில விஷமா கலந்திருக்கோம்? ஒரு வாய் குடிச்சா என்னவாம்?"

"குடிச்சா நீங்க காட்டுறதைத்தான் நான் பாக்கணும் இன்ஸாஃப். நீங்க காட்டாததைப் பாக்க வந்திருக்கேன்."

அப்படிச் சொல்லிவிட்டு வராண்டாவில் நடப்பார். வகுப்பிலிருந்து வெளியே துரத்தப்பட்டுக் கதவோரம் நிற்கும் பிள்ளைகளிடம் நின்று பேசுவார். ஏன் துரத்தினார்கள் என்று கேட்பார். அடித்தேன், கடித்தேன் என்று சொல்கிற பிள்ளைகளுக்கு ஒரு மிட்டாய் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார். ஒரு கேள்வி கேட்டதற்காக வெளியே நிற்கிறேன் என்று எந்தப் பிள்ளையாவது சொல்லிவிட்டால் போதும், அங்கேயே தரையில் உட்கார்ந்துவிடுவார்.

அப்படித்தான் ஒரு நாள் பெண்கள் பள்ளி வராண்டாவில் ஒரு சிறுமியைப் பார்த்தார். மேல் குன்றில் வீடு. பெயர் ருவைதா. நான் பக்கத்தில் நின்றேன். அந்தப் பேச்சு முழுதும் இன்றும் என் காதில் இருக்கிறது.

"ஏம்மா வெளிய நிக்கிற?"

"கணக்கு மிஸ் போகச் சொல்லிட்டாங்க."

"என்ன கேட்ட?"

"ஒரு குழாய் தொட்டியை ஆறு மணி நேரத்துல நிரப்பும், ரெண்டு குழாய் இருந்தா எத்தனை மணி நேரம்னு கணக்கு. அந்தத் தொட்டி எந்தத் தெருவுல இருக்குன்னு கேட்டேன்."

"எந்தத் தெருவுல இருந்தா என்ன?"

அந்தச் சிறுமி சித் விதாத்தைப் பார்த்த பார்வை இருக்கிறதே! உங்களுக்கும் புரியவில்லையா என்று பரிதாபப்படுகிற பார்வை.

"தண்ணி வாரத்துக்கு ஒருநாள்தானே திறக்கிறாங்க? கீழத் தெருவுல இருக்கறவங்க எல்லாரும் மோட்டார் போட்ருவாங்க. அவங்க தொட்டியெல்லாம் நிறையற வரைக்கும் எங்களுக்குச் சொட்டுதான். கீழ ஒவ்வொரு வீடா நிறைய நிறைய எங்க குழாய்ல வேகம் கூடும். அப்ப ஒரு மணி நேரத்துல வர்ற தண்ணியும் அடுத்த மணி நேரத்துல வர்ற தண்ணியும் ஒண்ணா? ரெண்டு குழாய் வச்சாலும் மேல இருந்தா நிறையாது. கீழ எத்தனை வீடுன்னு புத்தகத்துல போடலையே, அதான் கேட்டேன்."

"அதுக்கு மிஸ் என்ன சொன்னாங்க?"

"உங்கப்பா கிட்ட மோட்டார் வாங்கச் சொல்லுன்னாங்க."

சித் விதாத் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அபூ நாயிஃப், நீங்க கணக்கு மேற்பார்வையாளர்தானே? இதைப் போட்டுக் காட்டுங்க" என்றார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து, நேரமாகிவிட்டது என்றேன். என் நாற்பது ஆண்டுப் பணியில் நான் எடுத்த மிகச் சரியான முடிவுகளில் அது ஒன்று.

அந்த ஆண்டு வராண்டாவில் கிடைத்த பிள்ளைகளைக் கொண்டுதான் சிறப்புத் திறன் அறை தொடங்கியது. செய்தி பரவியது. நல்ல செய்தியைவிட வேகமாகப் பரவுவது எது? சலுகை எங்கே கிடைக்கிறது என்ற செய்தி! அடுத்து நடந்ததை உலகத்தின் வேறெந்த மாவட்டத்திலும் நீங்கள் பார்க்க முடியாது.

சித் விதாத் வராண்டாவில் நிற்கிறவர்களைத்தான் தேர்ந்தெடுக்கிறார் என்று பெற்றோருக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் பெண்ணை ஏன் வெளியே அனுப்புவதில்லை என்று புகார்கள் வரத் தொடங்கின. அப்போது நகராட்சித் தலைவராக இருந்த அபூ ஸக்ர் அவர்கள் பள்ளிக்கு நேரிலேயே வந்தார். அவர் மேடையில் இருப்பதால் அவர் அனுமதியோடு சொல்கிறேன். அவர் தலையாட்டுகிறார். நன்றி!

"சித் இன்ஸாஃப், என் பொண்ணு தாலா என்ன பாவம் பண்ணினா? போன வாரம் பூரா கிளாஸுக்குள்ளயே உக்கார வச்சிருக்கீங்களாமே!"

"அவ எந்தத் தப்பும் பண்ணலையே, அபூ ஸக்ர்."

"தப்பு பண்ணாததுக்குத் தண்டனையா? நாளைக்கே வெளிய அனுப்புங்க. மத்தவங்க பிள்ளைங்களை அனுப்பறீங்கல்ல?"

அடுத்த முறை நாங்கள் போனபோது வராண்டாவில் நடக்க இடமில்லை. சுவரோரம் வரிசையாகப் பெண் குழந்தைகள். தலை வாரி, ரிப்பன் கட்டி, சிலருக்கு உட்கார நாற்காலி கூடப் போட்டிருந்தார்கள். ஒரு குழந்தையின் மடியில் வீட்டிலிருந்து கொண்டுவந்த பேரீச்சம்பழ மஅமூல் பிஸ்கட் டப்பா. தாலா நடுவில் நின்றாள். சித் விதாத் அவளிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"என்னம்மா கேட்ட, வெளிய அனுப்பினாங்க?"

"நான் ஒண்ணும் கேக்கல மிஸ். அப்பாதான் கேட்டாரு."

நான் சிரித்துவிட்டேன். சித் விதாத் சிரிக்கவில்லை. வகுப்புக்குள்ளிருந்து வந்த சத்தத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார். கதவைத் திறந்தார். அன்றுதான் முதன்முறையாக ஒரு வகுப்புக்குள் நுழைந்தார்.

உள்ளே என்ன பார்த்தோம்? வழக்கமாகத் துரத்தப்படுகிற பிள்ளைகள் எல்லாம் முன் பெஞ்சில்! வெளியே அனுப்ப இடமில்லை என்பதால் கணக்கு ஆசிரியை மிஸ் சுஹைலாவுக்கு வேறு வழி தெரியவில்லை. யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்லியே தீர வேண்டிய கட்டாயம். கரும்பலகையில் மேல் குன்றும் கீழத் தெருவும் வரைந்திருந்தார்கள். ருவைதா கையில் சுண்ணாம்புக்கட்டி. மிஸ் சுஹைலா நெற்றியில் வியர்வை, கண்ணில் ஓர் ஒளி. "இல்லடி, அஞ்சாவது தொட்டி நிறைஞ்சதும் அழுத்தம் அவ்வளவு கூடாது, திரும்பப் போடு" என்று அவர் சொல்ல, "கூடும் மிஸ், பந்தயமா?" என்று அவள் கேட்க, வகுப்பே இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்திக்கொண்டிருந்தது.

என் பணிக்காலத்தில் எத்தனையோ கல்விச் சீர்திருத்தங்கள் வந்து போயின. கருத்தரங்குகள் வைத்தோம், பயிற்சி கொடுத்தோம், மதிய உணவும் கொடுத்தோம். பலன் தந்த சீர்திருத்தம் ஒன்றே ஒன்று. அது அபூ ஸக்ர் அவர்களின் சிபாரிசால் தானாக நடந்தது!

ஆனால் அந்த ஆண்டின் இறுதியில் ஆபத்து வந்தது. மாகாணத் தலைநகரில் இருக்கிற சிறப்புப் பள்ளிக்கு நம் பெண்கள் பள்ளியிலிருந்து ஒரே ஒரு பிள்ளைதான் நுழைவுத் தேர்வு எழுதலாம் என்றார்கள். அந்த ஓர் இடத்துக்குத் தாலாவின் பெயரை அனுப்பிவிட்டார்கள். அத்தோடு, புகார்கள் அதிகமாகிவிட்டதால் சிறப்புத் திறன் அறையை மூடிவிட அன்றைய இயக்குநர் முடிவு செய்தார். சித் விதாத் அவர் அறைக்குப் போனார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

இயக்குநர் காபி வரவழைத்தார். சித் விதாத் கோப்பையை வாங்கினார். வாங்கினார், அன்பர்களே! வாங்கி, மேசையில் தன் முன்னால் வைத்தார். கையை மடியில் வைத்துக்கொண்டார்.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வந்தவர் காபியைத் தொடாமல் கீழே வைத்தால் ஒரு வேண்டுதலோடு வந்திருக்கிறார் என்று பொருள். "உங்க காபியைக் குடிங்க" என்று வீட்டுக்காரர் சொன்னால் வேண்டுதல் நிறைவேறிற்று என்று பொருள். குடிக்காமல் எழுந்து போனால் வீட்டுக்காரருக்கு ஊரில் முகம் இல்லை. ஆனால் ஓர் அலுவலகத்தில், ஒரு பெண், தனியாக இதைச் செய்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இயக்குநரும் பார்த்ததில்லை.

"சித், காபி ஆறுது."

"ஆறட்டும் டாக்டர்."

"அம்மா, இது பொண்ணு கேக்கப் போறப்பவும் ரத்தப் பகையைத் தீர்க்கப் போறப்பவும் செய்யறது. பெரியவங்க பத்துப் பேரு சேர்ந்து வரணும்."

"எங்கப்பா இருந்தா கூட்டிட்டு வந்திருப்பாரு. இப்ப நானும் அபூ நாயிஃபும்தான். அவரையும் சேர்த்துக்கங்க, ஆளு பாக்க பெரியவர் மாதிரிதானே இருக்காரு?"

"என்னதான் வேணும் உங்களுக்கு?"

"ருவைதா அந்தத் தேர்வை எழுதணும். இடம் கொடுங்கன்னு கேக்கல, எழுத விடுங்க. அறை இருக்கணும்."

"தலைவர் பொண்ணு?"

"அவளும் எழுதட்டும். அந்தப் புள்ளை யாருக்கு என்ன கெடுதல் பண்ணுச்சு?"

அப்போது இயக்குநர் ஒரு வார்த்தை சொன்னார். நிர்வாகக் கலையின் சிகரம் என்று அதைச் சொல்வேன். "புரிஞ்சுக்கங்க சித். மாவட்டத்துல இருக்கற திறமைசாலிங்க எல்லாரையும் கண்டுபிடிச்சாச்சுன்னு போன வருஷமே மேல எழுதிட்டோம். இப்பப் புதுசா ஒருத்தி இருக்கான்னா நாம பொய் சொன்ன மாதிரி ஆயிடாதா?"

"ஆகும்" என்றார் சித் விதாத்.

கோப்பைகளை எடுத்துப்போக வந்த பணியாளர் நிரம்பிய கோப்பையைப் பார்த்தார். அதை எடுக்காமல் வெளியே போனார். சற்று நேரத்தில் அந்தக் கட்டடத்தின் எழுத்தர்கள் அனைவருக்கும் இயக்குநரிடம் ஏதோ ஒரு வேலை வந்துவிட்டது. ஒருவர் கோப்பு கொண்டுவந்தார், ஒருவர் ஜன்னல் சரியாக மூடியிருக்கிறதா என்று பார்க்க வந்தார். எல்லார் கண்ணும் கோப்பையில். இயக்குநர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "காபியைக் குடிங்க சித். தயவு செஞ்சு குடிங்க."

ஆறிப்போன கசப்புக் காபி. ஒரே மடக்கில் குடித்தார். அதைவிட இனிப்பான ஒன்றை அவர் வாழ்நாளில் குடித்ததாக நான் நம்பவில்லை!

பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். இயக்குநர் மேலே எழுதி இன்னோர் இடம் வாங்கினார், இருவரும் எழுதினார்கள். ருவைதா தேர்வில் மாகாணத்திலேயே முதலாவதாக வந்தாள். இன்று நம் நீர் வழங்கல் வாரியத்தில் பொறியாளர். மேல் குன்றுக்கும் கீழத் தெருவுக்கும் தனித்தனியாக நேரம் வைத்துத் தண்ணீர் திறந்தது யார்? அந்தப் பெண்தான்! கணக்குப் புத்தகம் கேட்காத கேள்விக்கு அவள் குழாயில் பதில் எழுதினாள்.

தாலா? தேர்வில் தோற்றாள். அத்தோடு விட்டாரா சித் விதாத்? வராண்டாவில் நின்ற நாட்களில் தாலா எல்லா ஆசிரியைகளின் குரலையும் கேட்டுக் கேட்டு அப்படியே பேசக் கற்றுக்கொண்டிருந்தாள். சித் இன்ஸாஃபின் குரலில் அவள் பள்ளிக்கு விடுமுறை அறிவிக்க, பள்ளியே வீட்டுக்குப் போய்விட்டது. தண்டிக்க வேண்டும் என்று எல்லாரும் சொன்னபோது, இவளையும் அறையில் சேர்க்கிறேன் என்றவர் சித் விதாத். இன்று காலையில் நீங்கள் வானொலியில் கேட்ட செய்தி அந்தப் பெண்ணின் குரல். சற்று முன் என்னைப் பேச அழைத்ததும் அதே குரல்தான். அபூ ஸக்ர் அவர்களே, நீங்கள் சரியான பெண்ணைத்தான் வராண்டாவுக்கு அனுப்பினீர்கள். காரணம் மட்டும்தான் தவறு!

அன்பர்களே, இப்போது நான் தொடங்கிய இடத்துக்கு வருகிறேன். கண்ணில் பட்ட ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. காபி கைக்கு வந்தபோதே முதல் வரிசையில் பொறியாளர் ருவைதா தன் காபிக் கோப்பையைக் காலடியில் தரையில் வைத்தார். இயக்குநர் அறைக் கதையை நான் சொல்லும்போது அவருக்குப் பின்னால் ஐந்தாறு பேர் வைத்தார்கள். இப்போது பார்க்கிறேன். சித் இன்ஸாஃப் வைத்திருக்கிறார். கதவோரம் நிற்கிறவர்கள் குனிந்து வைத்திருக்கிறார்கள். மேடையில் அபூ ஸக்ர் அவர்களும் வைத்துவிட்டார்! ஜௌதத் தம்பி, தவறாக நினைக்க வேண்டாம். இது உங்கள் குடும்பத்துக் காபி அல்ல. அலுவலகத்துக் காபி.

டாக்டர் முஹன்னத் அவர்களே! கூடத்தின் தரையைப் பாருங்கள். காகிதக் கோப்பைதான். ஆனால் வழக்கம் எதில் ஊற்ற வேண்டும் என்று சொல்லவில்லை. எங்கள் வேண்டுதல் சிறியது. பெஞ்சுகள் அறையை விட்டு வெளியே போக வேண்டும். சித் விதாத்தின் பதவி நிரப்பப்பட வேண்டும். ஆளும் தயாராக இருக்கிறார். இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுமியை வராண்டாவுக்குத் துரத்தி, பிறகு அவளோடு பந்தயம் கட்டித் தோற்ற மிஸ் சுஹைலா! எந்தக் கேள்விக்காகப் பிள்ளைகள் துரத்தப்படுகிறார்கள் என்று அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

என்ன சொல்கிறீர்கள்? பரிசீலிக்கலாம் என்கிறார். டாக்டர், பரிசீலனைக்கு யாரும் காபி குடித்து நான் பார்த்ததில்லை. நாங்கள் காத்திருக்கிறோம். எனக்கு ஓய்வூதியம் வருகிறது, வேறு வேலை இல்லை. தாலா, மகளே, ஒலிபெருக்கியை இயக்குநர் பக்கம் கொண்டுபோ.

கேட்டீர்களா? கதவோரம் இருப்பவர்களுக்குக் கேட்டதா? "எல்லாரும் காபியைக் குடிங்க" என்றார்! பெஞ்சுகள் நாளையே வெளியேறும், பதவி நிரப்பப்படும்! இந்தக் கூட்டம் சாட்சி, வானொலியும் சாட்சி!

சித் விதாத்! இறைவன் உங்களை விசாலமான இடத்தில் வைக்கட்டும். உங்களுக்கு நாங்கள் சிலை வைக்கப்போவதில்லை. உங்கள் பெயரில் ஆண்டுவிழா நடத்தி, நல்ல சீருடை அணிந்த பிள்ளைக்குக் கோப்பை வழங்கப்போவதும் இல்லை. இந்தக் கூடத்தில் இருக்கிற நாங்கள் ஒவ்வொருவரும் உங்களுக்கு ஒன்று சொல்கிறோம். எந்தப் பள்ளியைக் கடந்து போனாலும் முதலில் வராண்டாவைப் பார்ப்போம். அங்கே ஒரு பிள்ளை நின்றால் நின்று கேட்போம்: என்ன கேட்டாய் என்று.

அன்பர்களே, இப்போது குடியுங்கள். ஆறிப்போயிருக்கும். பரவாயில்லை, அவர் அப்படித்தான் குடித்தார். மிஸ் சுஹைலா, நீங்கள் சீக்கிரம் குடித்துவிட்டுக் கிளம்புங்கள். நாளை மூன்றாவது பீரியட் உங்களுடையது.